வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு அவசர நிலைக்கு ஆயத்தமாவது: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகி, வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் நீரில் மூழ்கிக் கிடந்த வாரத்தில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில், காய்ந்த தரையில் இருந்துகொண்டு நான் ஒரு பட்டியல் எழுதினேன். டோர்ச், பற்றரி, தண்ணீர், மருந்து, ஆவணங்கள் என்று முப்பத்திரண்டு விடயங்கள் அதில் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டினேன். மூன்று மாதத்தில் அதன் மேல் ஒரு கலியாணக் காட் ஏறியது. பிறகு பாடசாலை நேரசூசி. பிறகு எரிவாயுக் கடைக்காரரின் தொலைபேசி இலக்கம். அந்தப் பட்டியலை வீட்டில் ஒருவரும் வாசித்திருக்கவில்லை என்பதை, 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன்.

அன்று மின்சாரம் சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது. ஆனால் தொடர்மாடியில் மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கும் என்பதை, அங்கே பத்தாண்டு குடியிருந்த நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். நிலக்கீழ்த் தாங்கியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீரை ஏற்றுவது மோட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லா வீடுகளிலும் தோய்ச்சலும் முழுக்கும். மேல்தாங்கி மதியத்துக்குள் வற்றிவிட்டது. எங்கள் குசினியில் மிஞ்சியிருந்தது ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் அரைவாசி. மின்தூக்கியும் நின்றுபோனதால் கணவர் கீழேயிருந்து இரண்டு வாளித் தண்ணீரை நான்கு மாடி ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு வாளி பாதி சிந்தியது.

பட்டியலில் குறை ஒன்றும் இருக்கவில்லை. அது என்னுடையதாக மட்டும் இருந்ததே பிழை. அந்த ஞாயிறுக்குப் பின்னர், வீட்டிலுள்ள ஐந்து பேரும் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்படி நாங்கள் எப்படி வேலையைத் திரும்பத் தொடங்கினோம் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன்.

முதலாம் படி: சொல்வதற்கு முன் கேளுங்கள்

என் அம்மாவுக்கு வயது எழுபது. இந்தப் பேச்சை நான் முதன்முதலில் எடுத்தபோது, "விளக்கு வைக்கிற நேரத்தில உந்தக் கதை என்னத்துக்குப் பிள்ளை?" என்று எழுந்து போய்விட்டார். கெட்டதைப் பேசினால் கெட்டது வரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமானது. அதை அறிவியல் பேசி வெல்ல முயல்வது வீண் வேலை. எனவே அடுத்த தடவை நான் எதையும் சொல்லவில்லை. ஒரு பகல் வேளையில், மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தவரிடம், "83 இல நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க என்னத்தை எடுத்துக்கொண்டு போனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். 1983 ஜூலையில், தமிழர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது, எனக்கு இரண்டு வயது. ஒரு பால்மா டின், தாலிக்கொடி, ஒரு துவாய், வீட்டுச் சாவிக்கொத்து ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரத்மலானை விமான நிலையத்தில் அமைந்த முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போயிருக்கிறார்கள். "வீடு எரிஞ்ச பிறகும் அந்தச் சாவி என்னட்டத்தான் இருந்தது" என்றார். பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் வீட்டோடு போய்விட்டதால் பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததையும் சொன்னார். சொல்லி முடித்து அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழிருந்து ஒரு பழுப்பு நிறக் கைப்பையை எடுத்துக் காட்டினார். எங்கள் எல்லோருடைய பத்திரங்களும், காணி உறுதியின் பிரதியும், ஒரு சிறு தொகைப் பணமும், இரண்டு மெழுகுதிரிகளும் அதற்குள் இருந்தன. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பை ஆயத்தமாகவே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

கொழும்புத் தமிழ் வீடுகளில் இது அரிதான கதை அல்ல. உங்கள் வீட்டு மூத்தவருக்கும் இப்படி ஒரு பை இருக்கலாம். பை இல்லாவிட்டாலும், எதை விட்டுவிட்டு வந்து வருந்தினோம் என்ற கணக்கு இருக்கும். அதைக் கேட்டால் அவர் தடையாக நிற்பவர் என்ற நிலை மாறி, வழி சொல்பவர் ஆகிவிடுவார். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சிலருக்கு அந்த நினைவு இன்னும் ஆறாத புண். முகம் மாறினால் கேள்வியை அங்கேயே விட்டுவிடுங்கள்; ஒருவருடைய துயரத்தை நெம்புகோலாக்கி வீட்டு வேலையை நகர்த்துவது முறையல்ல.

இரண்டாம் படி: உங்கள் வீட்டுக்கு வரக்கூடியதை மட்டும் பேசுங்கள்

உலகத்து அபாயங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதே பேச்சின் தொடக்கமாகட்டும்.

மட்டக்குளி, முகத்துவாரம், வெல்லம்பிட்டி, கொலன்னாவை என்று களனியை அண்டியிருப்பவர்களுக்கு முதல் கவலை வெள்ளம். அங்கே எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது நாகலகம் வீதி நீரளவுமானியின் கணக்கு: நீர்மட்டம் 4 அடியைத் தொட்டால் எச்சரிக்கை, 5 அடியில் சிறு வெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம். நீர்ப்பாசனத் திணைக்களமும் இடர் முகாமைத்துவ நிலையமும் இந்த அளவுகளை வெளியிடுகின்றன. கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் கொட்டிய மழை ஹங்வெல்லையைக் கடந்து கொழும்புக்கு இறங்கப் பல மணி நேரம் எடுக்கும் என்பதால், நகரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறுவதுண்டு. "மழை விட்டுட்டுதே" என்று சொல்லி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றை விளக்கினாலே பாதி வேலை முடிந்தது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு வெள்ளம் வாசலோடு நின்றுவிடக்கூடும். அவர்களுடைய ஆபத்து மின்வெட்டு, தண்ணீரின்மை, தீ, எரிவாயுக் கசிவு, மின்தூக்கி நின்றால் இறங்க முடியாத முதியவர் ஆகியவையே. கடற்கரையோரத்தவர்களுக்கு இவற்றோடு ஆழிப்பேரலையும் சேரும்.

எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் அக்கா வெல்லம்பிட்டியில் இருக்கிறார். 2016 இலும், பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் வெள்ளத்தைக் கண்டவர். வெள்ளம் வருவதற்கு முன் முதலில் எதைத் தூக்கி வைப்பீர்கள் என்று கேட்டேன். தொலைக்காட்சி என்றோ மெத்தை என்றோ சொல்வார் என எதிர்பார்த்தேன். மணல் நிரப்பிய பொலித்தீன் பையால் கழிவறைக் குழியை அடைப்பதே முதல் வேலை என்றார். வெள்ளத்தின்போது கழிவுநீர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் பொங்கி ஏறுமாம். நான் வாசித்த எந்தப் பட்டியலிலும் இது கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்பவரையும் வாடகைக்கு இருப்பவரையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அபாயம் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: ஒரே கேள்வி, இருபது நிமிடம்

கூட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து, ஒருவரும் இன்னும் எழும்பாத அந்த இருபது நிமிடம் போதும். புயல் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் நாளைத் தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம். அன்று எல்லோரும் தலையாட்டுவார்கள், வெயில் வந்ததும் மறந்துவிடுவார்கள்.

நான் கேட்ட கேள்வி இதுதான்: "இரண்டு நாளைக்குக் கரண்டும் தண்ணியும் இல்லையெண்டால், இந்த வீட்டில முதல்ல எது பிரச்சினையாகும்?" கணவர் மலசலகூடம் என்றார். அம்மா தன் இன்சுலின் என்றார். பதினாறு வயது மகன் தொலைபேசி சார்ஜ் என்றான். எட்டு வயது மகள், இருட்டில் தான் எப்படித் தூங்குவது என்று கேட்டாள். எனக்கு எரிவாயு பற்றிய நினைப்பு. ஐந்து பேரிடமிருந்து ஐந்து பதில்கள் வந்தன. அந்தப் பதில்களே பொறுப்புப் பங்கீடாகவும் அமைந்தன. எதைப் பற்றி ஒருவர் உண்மையில் கவலைப்படுகிறாரோ அதை அவர் மறக்க மாட்டார்.

பிள்ளைகள் இருக்கும்போது படங்களையும் காணொளிகளையும் காட்டாதீர்கள். பயந்த பிள்ளைக்கு வேண்டியது தகவல் அன்று. கையில் பிடிக்க ஒரு பொருளும், செய்ய ஒரு வேலையும். என் மகளுக்கு ஒரு சிறு டோர்ச்சும் ஊதுகுழலும் கொடுத்தோம். டோர்ச் அவளது கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. இரவில் மின்சாரம் போனால் அம்மம்மாவின் அறைக்கு வெளிச்சம் கொண்டுபோவது அவளுடைய பொறுப்பு.

நான்காம் படி: மறுப்பவரின் காரணத்தை மதியுங்கள்

கணவரின் மறுப்புப் பணம் பற்றியது. "கீழ கடை இருக்குதானே, என்னத்துக்கு வாங்கி அடுக்கிறது?" என்பது அவருடைய கேள்வி, நியாயமான கேள்விதான். அதற்கு 2022 இன் பொருளாதார நெருக்கடிதான் பதில் சொன்னது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், எரிவாயுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வீதியோரத்தில் வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்ததையும் அவரே நினைவுபடுத்திக்கொண்டார். கடை திறந்திருக்கும், ஆனால் சாமான் இருக்காது; சாமான் இருக்கும், ஆனால் அட்டை இயந்திரம் இயங்காது.

இருந்தாலும் ஒரே நாளில் பெரிய செலவு செய்ய வேண்டாம் என்று ஒத்துக்கொண்டோம். கிழமைக்கு ஒரு தடவை சாமான் வாங்கும்போது ஒரு பொருள் மேலதிகமாக வாங்குவது என்பது அவர் வகுத்த விதி. ஒரு கிழமை ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், மறு கிழமை மீன் டின், அடுத்த கிழமை பற்றரி. நான்கு மாதத்தில் வேண்டியவை பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. மாதக் கணக்கில் அது தெரியவும் இல்லை.

மகனின் மறுப்பு வேறு விதம். "தேவையெண்டால் போனில பார்க்கலாம்" என்றான். வாதாடவில்லை. வீட்டுத் தொலைபேசி இலக்கங்களை எல்லாம் சேர்த்து, இணையம் இல்லாமலும் பார்க்கக்கூடியபடி ஒழுங்கு செய்யும் வேலையை அவனிடமே விட்டேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் வாட்ஸ்அப், முகநூல், வைபர் எல்லாம் முடக்கப்பட்டிருந்த நாட்களை அவன் ஓரளவு நினைவில் வைத்திருந்தான். யாருடைய இலக்கமும் தனக்கு மனப்பாடம் இல்லை என்று அவனாகவே கண்டுபிடித்தான்.

ஐந்தாம் படி: பொருட்களை ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள்

தண்ணீர் கணவரின் பொறுப்பு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லீற்றர், அதாவது ஐந்து லீற்றர்ப் போத்தல் ஒன்பது. தொடர்மாடியில் வைக்க இடமேது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கட்டிலுக்குக் கீழ் ஆளுக்கு இரண்டு போத்தல், அவ்வளவுதான். தன் கட்டிலுக்குக் கீழே இருப்பதால் அது தன்னுடையது என்ற எண்ணமும் தானாக வந்துவிடுகிறது. கழுவலுக்கும் மலசலகூடத்துக்கும் வேறு தண்ணீர் வேண்டும். ஒரு தடவை ஃப்ளஷ் செய்ய 6 லீற்றர் அளவு போய்விடுவதால், குளியலறையில் மூடியுள்ள பெரிய வாளி ஒன்று எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். மூடி அவசியம், திறந்த வாளி டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

மருந்து அம்மாவின் பொறுப்பு. அரசாங்க மருத்துவமனைக் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குரிய மருந்தையே தருவார்கள் என்பதால், கையிருப்பு சேர்வது எளிதல்ல. ஒரு கிழமைக்குரிய மாத்திரைகளை வெளியே ஒரு தடவை வாங்கி ஒதுக்கி வைத்து, அடுத்த மாத மருந்து வந்ததும் பழையதை எடுத்துப் பாவித்து, புதியதை அந்த இடத்தில் வைப்பதே நாங்கள் கண்ட வழி. திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். பாவனையில் உள்ளதைப் பொதுவாக ஏறத்தாழ நான்கு கிழமை வரை வெளியே வைத்துப் பாவிக்கலாம், ஆனால் அதிக வெப்பம் படக்கூடாது. கொழும்பு வெக்கையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் என்ன செய்வது என்று உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பதும், கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லது. பை கைவிட்டுப் போனாலும் மருந்தின் பெயரும் அளவும் கையில் இருக்கும். வயிற்றோட்டம் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் நான்கும் அதே பெட்டியில் கிடக்கின்றன.

ஆவணப் பையும் அம்மாவிடமே. பழைய தோற்பைக்குள் இப்போது சிப் வைத்த பொலித்தீன் உறைகள் வந்துவிட்டன; தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்பு, விவாகப் பத்திரங்கள், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், காப்புறுதி, காணி உறுதி ஆகியவற்றோடு, பணம் எடுக்கும் இயந்திரங்கள் இயங்காத வேளைக்கென்று நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் இருக்கின்றன. பெரிய தாளாக வைத்தால் முச்சக்கர வண்டிக்காரரிடம் மாற்று இருக்காது.

உணவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அவல், சத்துமா, பனங்கட்டி, பிஸ்கட், மீன் டின், பால்மா என்று வீட்டில் வழமையாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள். சாப்பிடாத ஒன்றை வாங்கி அடுக்கினால் அது பழுதாகும், வீட்டில் நக்கலுக்கும் ஆளாவீர்கள்.

எரிவாயுவும் மின்சாரமும் என் பொறுப்பு. ஆனால் இந்த இரண்டையும் எல்லோரும் கற்றே ஆகவேண்டும். ரெகுலேட்டரை மூடுவது எப்படி என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் காட்டலாம். சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது என்பதால் தரையோடு தேங்கும். மணத்தால் கசிவை உணர்ந்தால் சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். 2021 இறுதியில் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, சவர்க்கார நுரையைக் குழாய்ப் பொருத்தில் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் வந்தது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தான் எது என்பதையும் ஆளாளாக அழைத்துப் போய்த் தொட்டுக் காட்டுங்கள். கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறையிலும் அடைத்த பல்கனியிலும் பாவிப்பது உயிரைக் குடிக்கும். அதன் நச்சுக் காற்றுக்கு மணமில்லை.

ஆறாம் படி: தொடர்பு

அவசர நேரத்தில் நகருக்குள் அழைப்பு எடுபடாமல் போவதும், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு கிடைத்துவிடுவதும் நாம் பலரும் கண்டதுதான். நம் குடும்பங்களில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒருவர் இல்லாமலில்லை. எங்களுக்குக் கனடாவிலுள்ள சித்தி. எல்லோரும் அவருக்குத் தகவல் சொல்வது, அவர் மற்றவர்களுக்குச் சொல்வது என்பது ஏற்பாடு. அவருக்கு அங்கே நள்ளிரவாக இருந்தாலும் எழுப்பலாம் என்று முன்பே அனுமதி வாங்கியிருக்கிறோம். குரல் அழைப்பு எடுபடாதபோது குறுஞ்செய்தி போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். செய்தியில் மூன்று விடயம் போதும்: நலமா, எங்கே, அடுத்து எங்கே போகிறேன்.

பாடசாலை நேரத்தில் ஏதும் நடந்தால் பிள்ளையை யார் அழைத்து வருவது, வான் வராவிட்டால் எங்கே நிற்பது என்பதை வான் சாரதியோடும் பேசி முடிவு செய்யுங்கள். வீடு போக முடியாவிட்டால் கூடும் இடம் ஒன்று வீட்டருகேயும், மற்றொன்று தூரத்திலும் இருக்கட்டும்.

இலக்கங்கள்: இடர் முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. இவற்றைப் பாட்டாகவே மகள் பாடுகிறாள். அதோடு வீட்டு முகவரியைச் சிங்களத்திலும் சொல்லப் பழக்கினோம். அறிவித்தல் தமிழில் பிந்தி வரும் சமயங்கள் உண்டு. தொலைபேசியின் மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்ற நிச்சயமும் இல்லை. குறைப்பட்டுக்கொள்ள வேண்டிய விடயம்தான், ஆனால் தீ எரியும்போது குறைப்பட்டுப் பயனில்லை. மகள் "ஹதரவெனி தட்டுவ" என்று நான்காம் மாடியைச் சொல்லும் விதம் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

ஏழாம் படி: கடல் பற்றி ஒரு வார்த்தை

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலை இலங்கைக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அதாவது எச்சரிக்கை கிடைத்தால் நடந்தே தப்பலாம். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது கரையோரத்து மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். அலை வரவில்லை, அன்றே எச்சரிக்கை நீக்கப்பட்டது. "அண்டைக்கும் ஒண்டும் வரேல்லைத்தானே" என்று வீட்டில் ஒருவர் சொல்லக்கூடும். அன்று போனவர்கள் இழந்தது ஒரு மாலைப்பொழுதை மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வழியைப் பேசுங்கள். எங்கள் வழி, ரயில் பாதைக்கும் மரைன் டிரைவுக்கும் எதிர்ப்புறமாகக் காலி வீதியைக் கடந்து, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே ஹவ்லொக் வீதிப் பக்கம். வாகனம் எடுப்பதில்லை, நடை. படி இறங்க நேரமில்லாவிட்டால் உறுதியான கொங்கிரீட் கட்டடத்தின் மேல்மாடியே புகலிடம். கடல் திடீரென உள்வாங்கினால் எந்த அறிவித்தலுக்கும் காத்திருக்கக் கூடாது. பார்க்கவும் போகக் கூடாது.

எட்டாம் படி: ஒத்திகை

இதுதான் எல்லாவற்றிலும் சுவையான பகுதி. ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, முன்னறிவித்தல் இல்லாமல் நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒன்பது மணி வரை போடுவதில்லை என்று சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் என் மேல் கோபம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பெரிய டோர்ச்சுக்குள் பற்றரி கசிந்து, சுருளில் பச்சைப் பூஞ்சணம் போல் படிந்திருந்தது. மீன் டின் இருந்தது. டின் வெட்டி இல்லை. மகன் கத்தி முனையால் திறக்கப் போய்க் கையைக் கீறிக்கொண்டதில், முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்டர் ஒட்டாத அளவுக்குப் பழசு என்பதும் தெரிந்தது. நெருப்புப்பெட்டி சாமி அறையில்தான் இருந்தது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். கண்ட குறைகளை மகன் எழுதினான், ஒன்பது விடயங்கள். என்னுடைய பழைய முப்பத்திரண்டை விட அந்த ஒன்பதும் பயன்பட்டன, ஏனென்றால் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார்.

இரண்டாம் ஒத்திகை, அம்மாவைக் கீழே இறக்குவது. முழங்கால் வருத்தக்காரர், மின்தூக்கி இல்லாமல் நான்கு மாடி இறங்க மாட்டார். கைபிடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, துவாயால் இடுப்போடு கட்டி, முதுகுப் புறத்தைப் பின்னால் சாய்த்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் பிடித்து இறக்கினோம். முதலில் அரை மாடிதான் போனோம். கீழே நிற்பவர்தான் பலசாலியாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. மகனும் தகப்பனும் இடம் மாறினார்கள். இரண்டாம் மாடி அங்கிள் கதவைத் திறந்து என்ன நடக்கிறது என்று பார்த்து, அடுத்த முறை தானும் பிடிப்பதாகச் சொன்னார். அவருடைய மனைவிக்கும் அதே பிரச்சினை. இப்படித்தான் கட்டடத்தில் உள்ள மற்றவர்களும் சேர்ந்தார்கள். வாகனத் தரிப்பிடத்து இரும்புக் கதவு மோட்டாரில் இயங்குவதால், மின்சாரம் இல்லாதபோது அதைத் திறக்கும் சாவி காவலாளியிடம் ஒன்றுதான் இருக்கிறது என்பதும் அன்று வெளிவந்தது. இப்போது மூன்று சாவிகள் இருக்கின்றன.

வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் இதே ஒத்திகையை வேறு விதமாகச் செய்யலாம். நாகலகம் வீதியில் 4 அடி என்று வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் எவற்றை உயர்த்தி வைக்க முடிகிறது என்று பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும் கட்டத்தையும் பேசிவைக்க வேண்டும்: நனைந்த மின் இணைப்பைச் சோதிப்பிக்காமல் மெயின் சுவிட்சைப் போடுவதில்லை, கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிப்பதில்லை, சேற்றில் வெறுங்காலோடு இறங்குவதில்லை. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

ஒன்பதாம் படி: நாட்காட்டியில் ஏற்றுதல்

தண்ணீரை மாற்றுவது, பற்றரி பார்ப்பது, மருந்தின் காலாவதித் திகதியைப் பார்ப்பது ஆகியவற்றை ஆண்டுக்கு இரண்டு தடவை செய்ய வேண்டும். தொலைபேசியில் நினைவூட்டல் வைத்தேன். விரலால் தள்ளிவிட்டு மறந்தேன். அம்மாதான் வழி சொன்னார். சித்திரை வருடப் பிறப்புக்கும் நவராத்திரிக்கும் எப்படியும் வீட்டைத் துப்புரவாக்குகிறோம். முதலாவது, மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வருகிறது. இரண்டாவது, ஐப்பசி மழை தொடங்கும் வேளையை ஒட்டி வருகிறது. கொழும்பு நனையும் இரண்டு காலங்களும் அதற்குள் அடங்கிவிட்டன. பழைய போத்தல் தண்ணீர் செடிகளுக்கும் தரை கழுவவும் போகிறது.

சென்ற ஆயுத பூசையன்று மகனின் கணினி, என் தையல் மெசின், கணவரின் கருவிப்பெட்டி ஆகியவற்றோடு ஆவணப் பையையும் டின் வெட்டியையும் பெரிய டோர்ச்சையும் அம்மா வரிசையில் வைத்திருந்தார். டோர்ச்சின் கண்ணாடி நடுவிலேயே சந்தனப் பொட்டு. பூசை முடிந்து பற்றரியைச் சோதிக்க அழுத்தியபோது, சுவரில் விழுந்த வெளிச்சத்தின் நடுவே வட்டமாக ஒரு நிழல் நின்றது. அதைத் துடைக்க வேண்டாம், அடுத்த சித்திரைக்குத் துடைக்கலாம் என்றாள் மகள்.